அடையாறில் ஏழு ஆண்டுகள்



மழலையர் பள்ளிப் பலகைகளில் 'மாண்டிசோரி' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ஓர் இத்தாலிய டாக்டரம்மாவின் பெயர். அவர் நம் சென்னையில் வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1939 நவம்பரில், அருண்டேல் – ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பில், மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அப்போது வயது 69. அவருடைய பயிற்சிக்குச் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி உலகப்போரில் இறங்கியதும், அவர் மகன் மரியோவை ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. தாயின் 70-ஆவது பிறந்தநாளுக்குத்தான் விடுவித்தது. ஊர் திரும்ப வழியில்லாமல், அடையாறிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இங்கேயே இருந்து குழந்தைகளைக் கவனித்தார், ஆசிரியர்களைப் பழக்கினார்.

அவர் சொன்னது எளிது. குழந்தை தானே எடுத்து, தானே செய்து, தானே திருத்திக்கொள்ளும். அவருடைய மரக்கட்டையில் ஒரு உருளையைத் தப்பான குழியில் போட்டால், கடைசியில் ஒன்று மிஞ்சும். கணக்கு டாலி ஆகவில்லை என்று குழந்தைக்கே தெரிந்துவிடும். நாம் அதட்ட வேண்டியதில்லை.

இரண்டரை வயதில் எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்கு மனப்பாடம் செய்ய வைக்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். பேட்டரி பொம்மையும் செல்போனும் வேண்டாம். மூடி போட்ட டப்பாக்களும் கிண்ணங்களும் போதும். பல்லாங்குழி பெரிய பிள்ளைகளுக்கு. மூன்று வயதுக்குள் சோழி, புளியங்கொட்டை கையில் தராதீர்கள், விழுங்கிவிடும்.

பிறகு பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நமக்குத்தான் அது கஷ்டம்.