வாக்குறுதியும் பயணக் கட்டணமும்

உள்ளூராட்சித் தேர்தல் வந்துவிட்டால் வீதியும் பஸ் வண்டியும் வேட்பாளர் நாவில் தவறாது இடம்பெறும். அவ்வாறு அளிக்கப்பெற்ற வாக்குறுதியொன்று நீதிமன்றம் வரை சென்ற வரலாற்றை இன்று நோக்குவோம்.

1981ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் பெருநகர சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. பஸ், நிலக்கீழ் ரயில் கட்டணங்களைக் குறைப்போம் என்று கூறிய தொழிற்கட்சி வேட்பாளர்கள் பெரும்பான்மை பெற்றனர். கென் லிவிங்ஸ்டன் தலைமையில் அமைந்த சபை, ஒக்டோபரிற் கட்டணத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. அதனால் நேர்ந்த வருமானக் குறையை நிரப்ப மேலதிக வரி விதித்தது.

நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றேனும் இல்லாத புரோம்லிப் பகுதியின் சபை இவ்வரியை எதிர்த்து வழக்காடியது. டிசெம்பரிற் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: போக்குவரத்தைச் சிக்கனமாக நடத்துமாறு 1969ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கின்றது, வரியிறுப்போர் நலனையும் பேணுதல் சபையின் கடமை, தேர்தல் வாக்குறுதி சட்டத்தை மீற உரிமை தராது. 1982 மார்ச்சிற் கட்டணம் ஏறத்தாழ இரட்டித்தது.

ஆயினும் அவ்வெண்ணம் மடியவில்லை. 1983இல், சட்டத்துக்கு இயைந்த முறையிற் கட்டணம் நாலிலொரு பங்கு குறைக்கப்பட்டது. பஸ், நிலக்கீழ் ரயில் இரண்டிற்கும் பொதுவான பயண அட்டையும் அறிமுகமாயிற்று. 1986இற் பெருநகர சபை கலைக்கப்பட்டது. பயண அட்டையோ நிலைத்தது.

ஆதலின், நேயர்களே, வாக்குக் கேட்டு வருவோரிடம் 'செய்வீர்களா?' என்று வினவுதல் மட்டும் போதாது. செய்வதற்கு அதிகாரம் உண்டா, செலவை இறுப்பவர் யார் என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.