பஞ்சகெந்த் (பண்டைய நகரம்)

தஜிகிஸ்தானில், சமர்கந்துக்குக் கிழக்கே ஜரஃப்ஷான் ஆற்றங்கரையில் இருந்த, சோக்தியர் என்ற பண்டைய மத்திய ஆசிய மக்களின் நகரம். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் உருவானது. 1940களில் தொடங்கிய அகழாய்வில் சுடாத மண் செங்கற்களாலான மாடி வீடுகளும் ஈரானிய வீரகாவிய நாயகன் ருஸ்தமின் கதைக்காட்சி உள்ளிட்ட சுவரோவியங்களும் கிடைத்தன.

பெருவணிகத்தைவிட உள்ளூர்ச் சந்தையே இந்நகரின் பொருளாதாரத்தை நன்கு காட்டுகிறது. செல்வர் வீடுகளின் தெருவோரத்தில் கடைகளும் பட்டறைகளும் இருந்தன. அவை வாடகைக்கு விடப்பட்டவை என்று கருதப்படுகிறது. சில்லறைக்குச் சீனக் காசுபோல நடுவில் சதுரத் துளையிட்ட வெண்கல நாணயம் வார்த்தனர்.

கடைசி ஆட்சியாளர் தேவாஷ்டிச். இவருடைய ஆவணங்கள் 1930களில் முக் மலைக்கோட்டையில் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று மூன்று மாவு ஆலைகளை இவர் குத்தகைக்கு விட்ட ஒப்பந்தம். ஆண்டுக் குத்தகை 460 கஃப்ச் (ஓர் அளவை) மாவு, காசு அல்ல. அரசரே ஆலைக் குத்தகையில் வருவாய் பார்த்தார் என்பது அரண்மனை வரலாறுகளில் எளிதில் கிடைக்காத செய்தி.

722இல் அரபுப் படை தேவாஷ்டிச்சைப் பிடித்துக் கொன்றது. நகரம் எரிந்தது, 740 வாக்கில் மக்கள் மீண்டும் குடியேறினர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அது முற்றிலும் கைவிடப்பட்டது. ஓவியங்கள் இன்று துஷான்பேயிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்திலும் உள்ளன.