ஜெனோஷாத் தீவும் குமுதினிப் படகும்

‘எக்ஸ்-மென் 97’ என்னும் அமெரிக்கச் சித்திரத் தொடரின் முதற் பருவம் 2024ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி நிறைவுற்றது. நெடுந்தீவு மக்களுக்கு அது குமுதினிப் படகுப் படுகொலையின் 39ஆம் ஆண்டு நினைவு நாள். திகதிகள் ஒன்றாக அமைந்தது தற்செயலே. எனினும், ஒரு தீவின் அழிவை நடுவில் வைத்துச் சொல்லப்பட்ட அந்தக் கதையை எமது தீவகத்தின் வரலாற்றோடு சேர்த்து வாசிப்பதற்குக் காரணங்கள் உண்டு. சிறுவர் சித்திரத்துக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

எக்ஸ்-மென் கதைகளை ஸ்ரான் லீயும் ஜாக் கேர்பியும் 1963இல் படக்கதையாகத் தொடங்கினர். பிறப்பிலேயே வேறுபட்ட ஆற்றல்களைக் கொண்டவர்கள். அந்த வேறுபாட்டுக்காகவே சமூகத்தால் அஞ்சப்பட்டு வேட்டையாடப்படுபவர்கள். அவர்களை முன்னிறுத்திய சித்திரத் தொடர் 1992 ஒக்ரோபர் 31ஆம் திகதி அமெரிக்காவில் தொடங்கி, 76 பகுதிகளாக 1997 வரை ஒளிபரப்பாகியது. அதன் குரற்பதிவுகள் ரொறன்ரோவில் நடைபெற்றன. பின்னணிக் குரல் தந்தவர்கள் பெரும்பாலும் கனடியக் கலைஞர்கள்.

அதே ஆண்டுகளில்தான் தீவகத்து மக்கள் அந்த நகரில் பெருமளவில் வந்து குடியேறிக்கொண்டிருந்தனர். 1990 ஓகஸ்ட் மாதத்தில், யாழ்ப்பாணக் கோட்டையில் முற்றுகைக்குள்ளான படையினரை மீட்கவென அரச படைகள் ஊர்காவற்றுறைப் பக்கமாகத் தரையிறங்கின. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஆகிய ஊர்களில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பி வரவேயில்லை. 1991 முடிவதற்குள் வேலணையும் புங்குடுதீவும் ஏறத்தாழ வெறிச்சோடின. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தமது நகரங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தனர். வேலணை லெய்டனாயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவின் ‘டெல்ஃப்ட்’ ஒன்றே இன்றும் பரவலான வழக்கில் நிலைத்தது. அந்நியர் இட்ட பெயர்கள் உதிர்ந்தபோதும் ஊர்கள் உயிரோடிருந்தன. 1990இன் பின்னரோ பெயர்கள் இருந்தன. ஊர்களில் ஆட்கள் இல்லை.

குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்த தீவகச் சிறுவர்களுக்கு அந்த ஆண்டுகளில் தொலைக்காட்சி என்பது பழங்கதை. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது வீடுகளுக்குள் வந்த பெட்டிகள், 1990இல் மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் துணி போர்த்தப்பட்டு மூலையில் ஒதுங்கின. மண்ணெண்ணெய்க்கும் பற்றறிக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் திரியைத் தணித்து வைத்துப் படித்த தலைமுறை அது. அவர்களின் மாமன், சித்தப்பன் பிள்ளைகளோ ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் சனிக்கிழமைக் காலைகளில் எக்ஸ்-மென் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரே குடும்பத்தின் இரு பாதிகள் அவ்வாறு வளர்ந்தன.

அத்தொடரின் முதலிரு பகுதிகளிலேயே ஒரு பதிவேடு வருகிறது. ஜுபிலி என்னும் சிறுமியை வளர்ப்புப் பெற்றோர் நல்லெண்ணத்தோடு ஒரு முகவரகத்தில் பதிவு செய்கின்றனர். அந்தக் கோப்புகளோ ‘சென்டினல்’ என்னும் இயந்திர மனிதர்கள் வீடு தேடிவந்து வேட்டையாடுவதற்குப் பயன்படுகின்றன. கோப்புகளை அழிக்கச் சென்ற குழுவில் மோர்ஃப் கொல்லப்படுகிறான். இதனைக் கற்பனை என்று அமெரிக்கப் பிள்ளை ஒதுக்கலாம். 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களைக் கண்டவர்களால் அவ்வாறு ஒதுக்க முடியாது. வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயரும் முகவரியும் வீட்டுக்குத் தீ வைப்பதற்கு வழிகாட்டின.

2024இல் அதே கதை மீண்டும் தொடர்ந்தபோது, அது பழைய பிள்ளைகளை வளர்ந்தவர்களாகக் கருதியது. முன்னர் அடிமைத் தீவாகக் காட்டப்பட்ட ஜெனோஷா, இப்போது ஒதுக்கப்பட்டவர்களின் சொந்த நாடாக ஐக்கிய நாடுகள் சபையில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஏப்ரல் 10ஆம் திகதி வெளியான ஐந்தாம் பகுதியில், விழா நடக்கும் இரவிலேயே அத்தீவு அழிக்கப்படுகிறது. கம்பிட் தன்னுயிரைக் கொடுத்தே இயந்திரத்தை வீழ்த்துகிறான். மெக்னீட்டோ, லீச் என்னும் சிறுவனை அணைத்துக்கொண்டு அஞ்சாதே என்கிறான். எஞ்சியிருந்த பகுதிகள் முழுவதும் துயரமும் சினமுமாகவே நகர்ந்தன. சிறுவர் தொடர் என்று தொடங்கியது இவ்வளவு இருள வேண்டுமா எனச் சிலர் கேட்டனர்.

அந்த இருளில் எமக்குப் பழக்கமானது ஒன்று உண்டு. ஜெனோஷாவில் உயிர் தப்பிய அரச அதிகாரியான ஒரு பெண், அன்றிரவு முகங்களில் தான் கண்டது அதிர்ச்சியல்ல, முன்னரே நிகழ்ந்த ஒன்றை மீண்டும் காணும் உணர்வே என்ற பொருளிற் பேசுகிறாள். 1958, 1977, 1983 என்று ஆண்டுகளை எண்ணிப் பழகிய எமது மூத்தோர் அறிந்த உணர்வும் அதுவே.

1985 மே 15ஆம் திகதி காலையில் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. படகில் ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் கூறினர்; அரசு மறுத்தது. பயணிகள் கத்தியாலும் கோடரியாலும் வெட்டப்பட்டனர். கைக்குழந்தையும் தப்பவில்லை. குறைந்தது 23 பேர் என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. முப்பதுக்கும் மேல் என்பது ஊரார் கணக்கு. எவரும் தண்டிக்கப்படவில்லை.

அதற்கு முந்திய நாள் அனுராதபுரத்தில் புலிகளின் தாக்குதலில் 140க்கும் அதிகமான பொதுமக்கள் கொல்லப்பட்டனர் என்பதையும் இவ்விடத்தில் எழுதியாக வேண்டும். பஸ் நிலையத்தில் நின்ற சிங்களத் தாய்க்கும் குமுதினியில் இருந்த தமிழ்த் தாய்க்கும் இடையே எந்தப் பகையும் இருக்கவில்லை. ஒன்றுக்கு மற்றொன்று பழி என்று சொல்லப்பட்டது. பழியைச் சுமந்தவர்கள் இரு பக்கத்திலும் பயணிகளே.

தொடரின் இறுதிப் பகுதிகள் தொடுவதும் இதைத்தான். ஜெனோஷாவுக்குப் பின் மெக்னீட்டோவின் பக்கத்தில் நியாயம் இருப்பதாகப் பார்ப்பவருக்கே தோன்றுகிறது. அவன் செய்வது என்ன? தன் காந்த ஆற்றலால் உலகம் முழுவதன் மின்சாரத்தையும் நிறுத்திவிடுகிறான். அவனுடைய துயரம் உண்மையானது. ஆனால் அந்த இருட்டில் விழுபவர்கள் ஜெனோஷாவை அழித்தவர்கள் மட்டுமல்லர், நோயாளிகளும் குழந்தைகளும்கூட. ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிச் சத்திரசிகிச்சை செய்த யாழ்ப்பாண வைத்தியர்களை அறிந்தவர்களுக்கு அக்காட்சியின் பொருளை விளக்கத் தேவையில்லை.

ஒப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. ஜெனோஷா மக்களுக்கு அற்புத ஆற்றல்கள் இருந்தன; நெடுந்தீவாருக்கு இருந்தவை வள்ளமும் வலையும் பனையும் மாடும்தான். கதையில் மாண்டோர் சிலர் திரும்பி வருவதுண்டு. மோர்ஃபே திரும்பி வந்தான். 2006 மே 13ஆம் திகதி இரவு அல்லைப்பிட்டியில் ஒரே வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட குடும்பத்தின் குழந்தைகள் திரும்பவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி காணாமற்போன அவ்வூர்ப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளாரும் திரும்பவில்லை.

மற்றுமொரு வேறுபாடு எழுதுபவர்களுக்கும் பெற்றோருக்கும் உரியது. ஜெனோஷாவில் இறந்தவர்களுள் நாம் பெயரறிந்தோர் சிலரே; மற்றையோர் வெறும் தொகை. கற்பனைக்கு அது போதும். குமுதினியில் இறந்தவர்களின் எண்ணிக்கையிலேயே இன்றும் வேறுபாடு நிலவுவது எமக்குப் போதாது. தப்பியோரின் வாக்குமூலங்கள், ஊர்ச் சங்க மலர்களில் சிதறிக் கிடக்கும் பட்டியல்கள், தேவாலய, ஆலயப் பதிவுகள் ஆகியவற்றை ஒப்புநோக்கி, பெயரும் வயதும் ஊருமாக ஒரே ஏட்டில் கொண்டுவர இன்னும் காலம் இருக்கிறது. நீண்ட காலம் இல்லை. அன்று இருபது வயதாயிருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர்.

புலம்பெயர்ந்த வீடொன்றில் ஜெனோஷாவுக்காகக் கண்கலங்கிய பேரப்பிள்ளை இருக்குமாயின், அப்பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடும் படகைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அனுராதபுரத்தையும் விடாமல் சொல்லுங்கள். கேட்கும் வயது வந்துவிட்டது என்பதை அந்தத் தொடரே காட்டிவிட்டது.