தியத்: அஷ்யம் அவர்களின் மனைவிக்குக் கிடைத்த பங்கு

விபத்தில் மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் மதரஸாவிற்கு வந்து இரண்டு கேள்விகள் கேட்டார். "ஹஜ்ரத், மகனின் உயிருக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டை வாங்குவது ஹலாலா? மருமகள் இத்தா முடிந்து தாய்வீடு போய்விட்டாள். அவளுக்கும் அதில் பங்கு உண்டா?" இரண்டிற்கும் விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

அறியாமைக் காலத்து அரபகத்தில் ஓர் உயிருக்காகக் குலங்கள் ஆண்டுக்கணக்கில் போரிட்டன. பழிவாங்கலுக்கு மாற்றாக 10 ஒட்டகங்கள் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அப்துல் முத்தலிப் தம் நேர்ச்சைப்படி மகன் அப்துல்லாஹ்வைப் பலியிட முனைந்தபோது, அம்புகளைக் கொண்டு குறி பார்த்தனர். பத்துப் பத்தாகக் கூட்டி 100 ஒட்டகங்களை எட்டிய பின்னரே குறி ஒட்டகங்களின் பக்கம் விழுந்தது என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இஸ்லாமும் 100 ஒட்டகங்களையே தியத்தாக நிலைநிறுத்தியது.

தவறுதலாக ஓர் இறைநம்பிக்கையாளரைக் கொன்றவர் பரிகாரத்துடன் அவருடைய குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகையும் ஒப்படைக்க வேண்டும். குடும்பத்தார் விரும்பினால் அதைத் தர்மமாக விட்டுவிடலாம் என்கிறது திருக்குர்ஆன் (4:92). ஆகவே வாங்குவது உரிமை, விட்டுக்கொடுப்பது நற்செயல். வாங்கியவரைப் பழிப்பதற்கு இடமே இல்லை.

காயங்களுக்கும் அளவுகள் வகுக்கப்பட்டன. யமன் சென்ற அம்ர் பின் ஹஸ்ம் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கொடுத்தனுப்பிய மடலில், ஒரு கண்ணுக்கு 50, ஒரு காலுக்கு 50, ஒவ்வொரு விரலுக்கும் 10, ஒரு பல்லுக்கு 5 ஒட்டகங்கள் என்று கண்டிருந்தது. தவறுதலாக நேர்ந்த கொலைக்குரிய தியத்தை, கொன்றவருடைய தந்தைவழி உறவினரான 'ஆகிலா' பகிர்ந்து, மூன்று ஆண்டுகளில் செலுத்தினர். ஒட்டகத்தின் விலை உயர்ந்தபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பொன் உடையோருக்கு 1,000 தீனார், வெள்ளி உடையோருக்கு 12,000 திர்ஹம் என அளவைத் திருத்தினார்கள்.

இனி இரண்டாம் கேள்வி. தியத் ஆகிலாவுக்கே உரியது, கணவனின் தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்பதே தொடக்கத்தில் உமர் (ரலி) அவர்களின் கருத்தாக இருந்தது. அப்போது ளஹ்ஹாக் பின் சுஃப்யான் (ரலி) அவர்கள், அஷ்யம் அள்ளிபாபி என்பவரின் தியத்திலிருந்து அவருடைய மனைவிக்கு வாரிசுப் பங்கு கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தமக்கு எழுதியதைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் உடனே தம் கருத்தைக் கைவிட்டார்கள். கிழக்கிலும் மேற்கிலும் அஞ்சப்பட்ட ஆட்சியாளர், ஒரு விதவையின் பங்கிற்காகத் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்.

இங்கிலாந்தில் 1808 இல் கூட, ஒருவரின் மரணத்திற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோர இயலாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. 1846 ஆம் ஆண்டுச் சட்டமே அந்நிலையை மாற்றியது. அதன் வழியில் இந்தியாவில் 1855 இல் வந்த சட்டம், இறந்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குத் தொடர வழிசெய்தது.

இன்றைய நீதிமன்றம் வழங்கும் தொகையைப் பங்கிடும் முறையைத் தக்க ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவோம். ஆனால் 'அவள் தாய்வீடு போய்விட்டாள்' என்பது எந்த முறையிலும் பங்கை மறுக்கும் காரணமாகாது. அந்தத் தந்தை இதைக் கேட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு மருமகளின் தந்தையுடைய தொலைபேசி எண்ணைத் தேடத் தொடங்கினார்.

விதவையரின், அநாதைகளின் உரிமையை உண்ணும் பாவத்திலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.