சம்பளம் ஏறிக்கொண்டே போன ஹாலோவீன்

'ஹாலோவீன் பிராப்ளம்' என்று சொன்னால் டேட்டாபேஸில் பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள்கூட சிலசமயம் பேய்க்கதை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் நாம் இன்று எழுதும் அப்டேட் ஸ்கிரிப்ட்களுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இடம் கலிபோர்னியா, ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடம். 1970ல் எட்கர் காட் எழுதிய ரிலேஷனல் மாடலை நிஜமாக ஓடவைக்க முடியுமா என்று பார்க்க, சிஸ்டம் ஆர் என்ற புராஜெக்ட் அங்கே நடந்தது. எஸ்கியூஎல் பிறந்த வீடு அதுதான். பேட் செலிஞ்சரும் மார்ட்டன் அஸ்ட்ரஹானும் ஆப்டிமைசர் வேலையில் இருந்தார்கள். சோதனைக்கு எடுத்தது ஒரு சாதாரண கட்டளை: 25,000 டாலருக்குக் குறைவாக வாங்கும் ஊழியர்களுக்கு 10 சதவீத சம்பள உயர்வு. எர்ரர் எதுவும் வரவில்லை. முடிந்தபின் பார்த்தால், கம்பெனியில் 25,000க்குக் குறைவாக வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை!

என்ன நடந்தது? ஆப்டிமைசர் சம்பளத்தின் மேல் இருந்த இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டு, சின்னத் தொகையிலிருந்து மேலே நடந்திருக்கிறது. 20,000 வாங்குகிறவர் 22,000 ஆகிறார். சம்பளம் மாறியதால் இண்டெக்ஸில் அவர் இடமும் முன்னால் நகர்கிறது. கொஞ்ச தூரம் போனதும் அதே ஆள் எதிரே வருகிறார். இன்னும் 25,000க்குக் கீழேதான் இருக்கிறார், அதனால் 24,200. திரும்பவும் வருகிறார், 26,620. அப்புறம்தான் விடுதலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 10,000 வாங்கியவருக்கு இந்த மாதிரி பத்து உயர்வு கிடைத்து 25,937ல் போய் நிற்பார். யூனியன்கூட வாங்கித்தர முடியாத சம்பள உயர்வு.

இருவரும் விஷயத்தை டான் சேம்பர்லினிடம் கொண்டுபோனார்கள். அன்று வெள்ளிக்கிழமை, ஹாலோவீன். இன்று மதியத்துக்குள் இது தீராது, இப்போதைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ததாக 1995ல் நடந்த பழைய குழுவினரின் சந்திப்பில் சேம்பர்லின் நினைவுகூர்ந்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பல இடங்களில் வருடம் 1976 என்று போட்டிருக்கிறார்கள். காலண்டரைத் திருப்பினால் 1976 அக்டோபர் 31 ஞாயிற்றுக்கிழமை, 1975ல்தான் வெள்ளி. எனக்கென்னவோ கிழமையைத்தான் நம்பத் தோன்றுகிறது. வருஷம் மறக்கும், வீக்கெண்டுக்கு முந்தைய மதியம் மறக்காது.

இது வெறும் பக் இல்லை. அதற்கு முந்தைய டேட்டாபேஸ்களில் எந்த வழியில் ரெக்கார்டைத் தேடிப்போவது என்பதை புரோகிராமரே எழுதினார். தப்பான வழியில் போனால் பழி அவர் மேல். எஸ்கியூஎல்லில் 'என்ன வேண்டும்' என்று மட்டும் சொல்கிறோம், வழியை சிஸ்டம் பார்த்துக்கொள்கிறது. இண்டெக்ஸ் இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் வேறு விடை என்றால் காட் கொடுத்த வாக்குறுதியே காலி.

முதல் தீர்வு எளிது: எந்தப் பத்தியை மாற்றுகிறோமோ அதன் இண்டெக்ஸ் வழியாக நடக்காதே. பாதுகாப்பானதுதான், ஆனால் சிலசமயம் மெதுவான வழியில் போகவேண்டி வரும். இன்று எஸ்கியூஎல் சர்வர் தேவைப்பட்டால் முதலில் எல்லா ரெக்கார்டுகளையும் படித்து ஓரமாக வைத்துக்கொண்டு, பிறகுதான் எழுத ஆரம்பிக்கிறது. எக்ஸிக்யூஷன் பிளானில் 'ஈகர் ஸ்பூல்' என்று வருவது பல சமயம் இதற்காகத்தான். தேவையில்லாத செலவு என்று திட்டாதீர்கள். போஸ்ட்கிரஸில் ஒரு கட்டளை, தான் எழுதிய புதுப் பிரதியைத் தானே பார்க்காது.

ஆனால் இந்தக் காவல் எல்லாம் ஒரே கட்டளைக்குள் மட்டும்தான். பெரிய டேபிளை லாக் பண்ணக்கூடாது என்று ஆயிரம் ஆயிரமாக லூப் போட்டு, '25,000க்குக் குறைவாக யாரும் இல்லாதவரை ஓட்டு' என்று எழுதினால், எந்த டேட்டாபேஸிலும் ஹாலோவீன் திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் டேட்டாபேஸுக்குப் புதுக் கட்டளை. அதன் பார்வையில் தப்பே இல்லை.

இதற்குத் தலைகீழான கேஸும் உண்டு. 'பெண்டிங்' ரெக்கார்டுகளை ஆஃப்செட் 0, 1000, 2000 என்று எடுத்து 'டன்' ஆக்குகிறோம் என்று வையுங்கள். முடிந்த ஆயிரம் லிஸ்டிலிருந்து விலகிவிடும். அடுத்த ஆஃப்செட் தொடாத ஆயிரத்தைத் தாண்டிக் குதிக்கும். 10,000 இருந்தால் 5,000தான் முடியும், ஸ்கிரிப்டோ வெற்றி என்று சொல்லும்.

மாறாத பிரைமரி கீ வழியாக நடந்தால் இரண்டுமே வராது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் இன்னும் ஒரு படி போவேன்: ஆளின் ஐடி, பழைய சம்பளம், புதுச் சம்பளம் மூன்றையும் முதலில் தனி டேபிளில் எழுதிவைத்து, அதைப் பார்த்தே அப்டேட் செய்வேன். பெருக்கல் ஒரே தடவைதான் நடக்கும். நடுவில் கனெக்‌ஷன் போய் மறுபடி ஓட்டினாலும் அதே புதுச் சம்பளம்தான் விழும். ஃபைனான்ஸிலிருந்து யாராவது கேள்வி கேட்டால் காட்ட பழைய தொகையும் கையில் இருக்கும்.