மாற்றுத்திறனாளி

‘ஊனம்’ வடசொல், ‘ஊன’ என்றால் குறைந்தது. தசையைக் குறிக்கும் ‘ஊன்’ என்ற தமிழ்ச்சொல்லோடு அதற்கு உறவில்லை. ‘ஊனமுற்றோர்’ என்றே எழுதிவந்த தமிழக அரசு, கருணாநிதி முதல்வராக இருந்த 2010-இல் அவர்களுக்கெனத் தனித்துறை அமைத்தபோது, அதற்கு ‘மாற்றுத்திறனாளிகள் நலத்துறை’ என்று பெயர் வைத்தது. மாற்று என்றால் வேறு. பொன்னின் தரத்துக்கும் அதுதான் சொல்: பத்தரை மாற்றுத் தங்கம். அரசு அதை நினைத்திருக்காது. எனக்கு அந்தப் பொருள்தான் பிடித்திருக்கிறது.

சொல் வருமுன்பே அதற்குரிய ஆள் வேலூரில் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியில் 1966-இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தது.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பட்டறையோ செருப்புக் கடையோ வைத்திருப்பவர்களே, அவரைப் போலச் சக்கர நாற்காலியில் வருவோர் ஏறிவர வாசற்படியோரம் ஒரு சாய்தளம் போட்டுவையுங்கள்.