தள்ளுவண்டியில் வந்த கொலைகாரன்

கோசெகி கோஜிமா முதலில் வரைந்தது சினிமா விளம்பரப் படங்கள். 1950-இல் டோக்கியோ வந்த பிறகு, தெருமுனையில் பிள்ளைகளைக் கூட்டி, அட்டைப் படங்களை ஒவ்வொன்றாக உருவிக் காட்டிக் கதை சொல்லி மிட்டாய் விற்பவர்களுக்கு வரைந்து கொடுத்தார். அடுத்தது வாடகைப் புத்தகக் கடைகளுக்கான மலிவு காமிக்ஸ். கூட்டம் கலையாமல் ஒரே படத்தில் பிடித்து நிறுத்தும் வித்தை அந்த வேலைகளில் கைவந்ததுதான் என்று நினைக்கிறேன்.

1970 செப்டம்பரில், 'மாங்கா ஆக்‌ஷன்' வார இதழில் கஸுவோ கொய்கே எழுத, கோஜிமா வரைய, 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' என்று பிற்பாடு உலகம் அறிந்த தொடர் ஆரம்பித்தது. ஷோகுனுக்காகத் தலை வெட்டும் அதிகாரி ஒகாமி இத்தோ. யாக்யூ குலத்தின் சதியில் மனைவியையும் பதவியையும் இழக்கிறான். தவழும் மகன் தைகோரோவின் முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் பிள்ளையை அவன் அம்மா போன இடத்துக்கே அனுப்பிவிடுவதாக முடிவு. குழந்தை வாளைத் தொடுகிறது. அதன்பின் மரவண்டியில் மகனை வைத்துத் தள்ளிக்கொண்டு, 500 ரியோ கூலிக்குக் கொலை செய்து திரிகிறான் அப்பன்.

பிணங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் வெட்டு பெரும்பாலும் ஓரிரு கட்டங்களில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் வசனமே இல்லாத பக்கங்கள்: புல் சாய்கிறது, செருப்புக் கால் அரை அடி நகர்கிறது, வண்டிக்குள்ளிருந்து பையன் கண்கொட்டாமல் பார்க்கிறான். வாள் இறங்கும் கட்டத்தில் மட்டும் கோஜிமாவின் தூரிகை காய்ந்த மயிராகச் சிதறி ஓடும். ரத்தத்தைவிட அந்தக் காத்திருப்புதான் வயிற்றைக் கலக்கும்.

தொடர் இதழைத் தாண்டிப் போனபோது ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானிய சினிமா 1972 முதல் ஆறு படங்களில் ரத்தத்தைப் பீய்ச்சி அடித்தது. முதல் இரண்டையும் வெட்டி ஒட்டி, ஆங்கிலக் குரல் கொடுத்து 1980-இல் அமெரிக்காவில் 'ஷோகன் அசாசின்' ஆக்கினார்கள். மொழி தெரியாமலே மூலப் புத்தகங்களைப் புரட்டிய அமெரிக்க காமிக்ஸ் கலைஞர் ஃபிராங்க் மில்லர் எடுத்துக்கொண்டது பக்கங்களின் நடையை. 1983-இல் வந்த அவருடைய 'ரோனின்' அதன் வாரிசு. மேக்ஸ் ஆலன் காலின்ஸ், அப்பனையும் பிள்ளையையும் அமெரிக்க ரௌடிக் கும்பல்களின் நடுவே இறக்கி, 1998-இல் 'ரோட் டு பெர்டிஷன்' எழுதினார். வண்டி கடைசியில் விண்வெளிக்கே போய்விட்டது: 'தி மாண்டலோரியன்' தொடரில் மிதந்து வரும் தொட்டில்.

மூலக்கதை மட்டும் மெதுவாக வந்தது. 1987-இல் ஃபர்ஸ்ட் காமிக்ஸ், மில்லரின் அட்டைப் படத்தோடு ஆங்கிலத்தில் ஆரம்பித்து, 45 இதழ்களோடு 1991-இல் நின்றது. இடமிருந்து வலம் படிப்பவர்களுக்காகப் பக்கங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சடித்திருந்தார்கள். சாமுராய்கள் எல்லோரும் இடக்கையர்கள் ஆனார்கள். அதுகூடப் பரவாயில்லை. கிமோனோவில் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. திருப்பிய பக்கங்களில் அத்தனை பேரும் பாடையில் ஏறும் கோலத்தில் நடமாடினார்கள். நரகத்தின் பாதையில் நடப்பவன் என்று தன்னையே சொல்லிக்கொள்ளும் ஒகாமிக்கு மட்டும் இந்தத் தவறு பொருந்திப்போனது!

2000-இல் டார்க் ஹார்ஸ் நிறுவனம், உள்ளங்கை அகலத்தில் தடித்தடியாக, மீண்டும் முதலிலிருந்து போட ஆரம்பித்தது. அதே ஆண்டு ஜனவரியில் கோஜிமா காலமாகியிருந்தார். தொகுதிகள் 28, பக்கங்கள் எட்டாயிரத்துக்கும் மேல். கடைசித் தொகுதி 2002 டிசம்பரில் வந்தது. ஆறு படங்களையும் பார்த்தவர்களுக்கும் அது புதுசு. சினிமா 1974-இல் நின்றுவிட, பத்திரிகையில் தொடர் 1976 வரை ஓடியது. யாக்யூ கிழவன் ரெத்சுதோவின் எதிரே தைகோரோ தனியாக நிற்கும் பக்கங்கள் அந்தப் படங்கள் எதிலும் கிடையாது.